பட்டியலில் முதல் பெயர்

கீழ ஆலங்கரைக்கு வந்த புதிதில் வாசலில் வந்து நின்றாலே பூமிகாவுக்குத் தலை சுற்றுவதுபோல் இருக்கும். ஜவ்வாது மலையில் பிறந்து வளர்ந்தவள் அவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேடு, ஒரு பாறை, ஒரு பலாமரம் என்று எதிலாவது கண் போய் முட்டிப் பழக்கம். இங்கே கண் முட்டுவதற்கு எதுவும் இல்லை. வயல், வயலுக்கு அப்பால் வயல், அதற்கப்புறம் இறால் குட்டைகள், கடைசியில் கறுப்பாகக் கோடு கிழித்ததுபோல் அலையாத்திக் காடு. திருத்துறைப்பூண்டியில் கிளம்புகிற மினிபஸ் முக்கால் மணி நேரம் ஓடி, மேற்கொண்டு போக ஊர் இல்லாமல் திரும்பிவிடுகிற இடம்.

அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. நர்சிங் படிப்பு முடித்ததும் அவளுக்குச் சொந்த மலையிலேயே வேலை கிடைத்திருந்தது. எட்டாத ஊர்களுக்கு ஒப்பந்தச் செவிலியர்களை அனுப்புகிற அரசுத் திட்டம் ஒன்று. இரண்டு வருஷம் பதினோரு குக்கிராமங்களுக்கு நடந்தே போய் வந்தாள். அப்புறம் வடக்கே மலைப்பகுதிக்கு என்று ஒதுக்கிய நிதி நின்றுபோயிற்று. வேலை தொடர வேண்டுமென்றால் டெல்டாவில், கடலோரமாக இரண்டு இடம் காலி இருக்கிறது, போகிறீர்களா என்று கேட்டார்கள். அப்பா இல்லாத வீடு. தம்பி ரஞ்சித் சென்னையில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருந்தான். அவர்கள் ஊரிலிருந்து கல்லூரி தாண்டி மேற்படிப்புக்குப் போன முதல் பையன். பூமிகா ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

துணை சுகாதார நிலையத்துக் கட்டடத்தின் பின்பக்க அறைதான் வீடு. காலை எட்டு மணிக்குப் பழைய ஸ்கூட்டியை எடுத்தால் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகளை எடை பார்த்து எழுத வேண்டும். பேச்சுக்குக் குறைவில்லை. "வாங்க நர்சம்மா", "மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று எல்லா வாசலிலும் கூப்பிடுவார்கள். அவள் பேச்சில் வடக்கத்திச் சாயல் வந்தால் பெண்கள் வாய்பொத்திச் சிரிப்பார்கள்; அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் சாயங்காலம் கதவைத் தாழிட்டபிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் அவள் நர்சம்மா.

மேலத்தெரு தர்மாம்பாள் மட்டும் பாப்பா என்பாள். அறுபது வயது, சர்க்கரைக் காலில் ஆறாத புண். மகன்கள் இருவரும் சிங்கப்பூரில். கட்டுப் பிரிக்கும்போது வலி தெரியாமலிருக்க ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"உங்க மலையில வயலே இல்லயா பாப்பா?"

"இருக்குங்க. சரிவுல சாமை போடுவாங்க."

"அப்ப தண்ணி எப்புடி நிக்கும்?"

"நிக்காதுங்க. ஓடிரும்."

"ஓடுற தண்ணிய வச்சிக்கிட்டு என்னா வெவசாயம்," என்று தர்மாம்பாள் உண்மையாகவே கவலைப்படுவாள்.

ஒரு நாளைக்கு முப்பது பேருக்குப் பிரஷர் பார்ப்பாள் பூமிகா. மலையில் அவள் அம்மாவுக்கும் பிரஷர் உண்டு. மாமா மாதம் ஒருமுறை ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகும்போது மாத்திரை வாங்கிவந்து கொடுப்பார். அளந்து பார்க்க ஆள் இல்லை. தலை கனக்கிறதா, கண் மங்குகிறதா என்று போனில் கேட்பாள். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்பாள்.

ஏப்ரல் மாதச் சம்பளம் வரவில்லை. ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரந்தரச் செவிலியரான ஜெயாவிடம் போய்க் கேட்டாள்.

"மார்ச்சோட உங்க திட்டம் முடிஞ்சிடுச்சுல்ல. நீட்டிப்பு ஆர்டர் வரணும். வந்துரும், பயப்படாத. போன வருஷம் ரெண்டு மாசம் இழுத்தாங்க."

"அதுவரைக்கும் வேலை பாக்கணுமாக்கா?"

"பாக்கலன்னா ஆர்டர் வர்றப்ப உன் பேரு இருக்காது."

மே போயிற்று. ஜூன் போயிற்று. கழுத்துச் சங்கிலி திருத்துறைப்பூண்டி அடகுக் கடைக்குப் போயிற்று. ஜெயாவிடம் இரண்டு தடவை கைமாற்று வாங்கியாயிற்று. ரஞ்சித் கூப்பிடும்போதெல்லாம் சம்பளம் வந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் தன் பங்குக்கு ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

பழங்குடி மாணவர்களுக்கான ஆய்வு உதவித்தொகை அவனுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் அனுமதியாகியிருந்தது. மார்ச் கடைசியில் அது வங்கியில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது திறந்த கணக்கு என்பதால் குறுஞ்செய்தி அக்காவின் எண்ணுக்குத்தான் வரும். தொண்ணூற்றாறாயிரம் என்று வந்தது. மிச்சம் பின்னால் வரும்போலிருக்கிறது என்று இருந்துவிட்டாள். மூன்று மாதமாகியும் வரவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"பணம் முழுசா வந்துடுச்சாடா?"

"வந்துடுச்சுக்கா."

"மெசேஜ் என் போனுக்குத்தான்டா வருது."

மெதுவாகச் சொன்னான். "வரி புடிச்சிட்டாங்கக்கா. காலேஜ்ல அத ஆய்வு வேலைக்குக் குடுத்த சம்பளம்னு எழுதிட்டாங்க. பான் கார்டு குடுக்காததால இருபது பர்சென்ட்டாம். அப்ப எங்கிட்ட பான் கார்டே இல்ல. கேட்டா, ரூல் அப்படித்தான்றாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயே அங்க தனியா கஷ்டப்படுற. செப்டம்பர் பதினஞ்சுக்குள்ள ஹாஸ்டலுக்கும் லேபுக்கும் கட்டணும். கட்டலன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்க்கா. முடியலன்னா ஒரகடம் பக்கம் கம்பெனில ஆள் எடுக்கறாங்க. படிப்ப அடுத்த வருஷம்கூட முடிச்சிக்கலாம்."

"அடுத்த வருஷம்னு விட்டவன் எவன் திரும்பி வந்தான்? நம்ம ஊருல சொல்லு பாப்போம்," என்றாள்.

அந்தச் சனிக்கிழமையே திருத்துறைப்பூண்டிக்குப் போனாள். பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் வரிக் கணக்கு எழுதிக்கொடுக்கிற ஃபாஜில் என்பவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ரஞ்சித் போனில் அனுப்பிய கடிதங்களை எல்லாம் நிதானமாகப் படித்தார்.

"படிக்கறதுக்குக் குடுக்கற உதவித்தொகைக்கு வரியே கிடையாதும்மா. இவங்க தலைப்ப மாத்திப் போட்டுட்டாங்க."

"அப்ப திரும்பக் கிடைக்குங்களா?"

"கிடைக்கும். ஆனா தம்பி பேர்ல வரி கட்டினதாவே பதிவாகல. அவரு பான் வாங்கணும், அந்த நம்பரைப் போட்டு காலேஜ் திருத்திக் குடுக்கணும். அப்புறம் ரிட்டர்ன் போடணும். ரிட்டர்ன் நான் போட்டுத் தர்றேன். காலேஜ் எப்ப திருத்தும்னு என்னால சொல்ல முடியாது. வருஷக் கடைசி ஆகலாம்."

"செப்டம்பர்ல வேணுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அதுக்குள்ள வராதும்மா. வரும்னு சொல்லி உங்கள அனுப்பினா பொய்யாயிடும்."

வேலைக்குக் கூலி கேட்டபோது பணம் திரும்பி வந்ததும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இனி அவள் நம்பியிருந்தது ஒன்றுதான். நீட்டிப்பு ஆர்டர் வந்தால் ஐந்து மாதச் சம்பளம் மொத்தமாக வரும். அதில் ரஞ்சித்துக்குக் கட்டிவிடலாம். எனக்கு அரியர்ஸ் வருது, நீ ஒழுங்காகப் படி என்று அவனிடம் சொன்னாள். தனக்குச் சம்பளமே வரவில்லை என்பது அதில் வெளிப்பட்டுவிட்டதை அவன் கவனித்தானோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மேட்டூரில் திறந்து இரண்டு மாதம் கழித்து அந்தக் கடைமடைக்கு வந்து சேர்ந்த தண்ணீர். ஆண்களெல்லாம் மண்வெட்டியோடு கரையில் நின்றார்கள். பூமிகாவும் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நடந்து வருகிற ஆளின் வேகத்தில் வந்தது. அப்போதுதான் போன் அடித்தது. வடக்கே, அவளுடைய பழைய மாவட்ட அலுவலகத்துக் கிளார்க்.

"பூமிகாதானம்மா? மலைக்கு மறுபடி நிதி வந்திருக்கு. மூணு போஸ்ட்டு. முன்னாடி வேலை பார்த்தவங்களுக்குத்தான் முன்னுரிமை. பட்டியல்ல முதல் பேரே உன்னுதுதான். பத்து நாளைக்குள்ள ஜாயின் பண்ணணும். அங்கேருந்து ரிலீவ் ஆன லெட்டர் மட்டும் கொண்டு வந்துரு."

அவள் என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. கரையில் நின்றிருந்த வைரக்கண்ணு என்ற பெரியவர், "என்னா நர்சம்மா, தண்ணியப் பாத்து இம்புட்டு சந்தோஷமா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆமாங்க என்றாள். நேராக அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, நான் வந்துருவேன்போல இருக்கு. நம்ம ஊருக்கே." அம்மா அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அப்படியா, அப்படியா என்றே நாலைந்து தடவை சொன்னாள்.

மறுநாள் ரிலீவ் ஆவதைப் பற்றிக் கேட்க ஜெயாவிடம் போனாள். ஜெயா சந்தோஷப்பட்டாள். பிறகு முகம் மாறிற்று.

"அஞ்சு மாசச் சம்பளம் என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"நான் வேலை பாத்த மாசம்தானக்கா."

"பாத்ததுதான். ஆனா ஆர்டர் வர்ற அன்னைக்கு யாரு ரோல்ல இருக்காங்களோ அவங்க பேர்லதான் பில்லு போடுவாங்க. முந்தின வருஷம் நடுவுல போன பொண்ணு இன்னும் எழுதிக்கிட்டேதான் கெடக்குது. வராதுன்னு சொல்ல மாட்டேன். எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது."

"ஆர்டர் எப்ப வரும்?"

"இந்த மாசக் கடைசின்றாங்க. உன் பத்து நாளைக்குள்ள வராது."

அங்கே போய்ச் சேர்ந்தால் புதுச் சம்பளம் வர இரண்டு மூன்று மாதமாவது ஆகும். செப்டம்பர் பதினைந்து அதற்கு முன்னால். பூமிகா அன்று மாலை வரை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். கேட்கக்கூடியவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கியாயிற்று. மாமாவிடம் இருந்த இரண்டு மாட்டில் ஒன்று போன கோடையில் போய்விட்டது. ரஞ்சித்திடம் சொன்னால் அன்றைக்கே புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு ஒரகடத்துக்குப் போய்விடுவான். அக்கா ஊருக்கு வரட்டும் என்பான். அதை அவன் சந்தோஷமாகவே செய்வான். அதனால்தான் அவனிடம் சொல்ல முடியவில்லை.

நான்கு நாள் யாரிடமும் இதைச் சொல்லாமல் வேலைக்குப் போய்வந்தாள். தர்மாம்பாளின் காலைக் கட்டும்போது கட்டு தப்பாகப் போய் இரண்டாம் முறை சுற்ற வேண்டியிருந்தது.

"ஒடம்பு சரியில்லயா பாப்பா?"

"இல்லங்க. தூக்கம் சரியா இல்ல."

"ஊரு ஞாபகமா?"

பூமிகா கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்து மூடினாள். தர்மாம்பாள் உள்ளேயிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துவந்து பையில் வைத்தாள்.

ஐந்தாம் நாள் கிளார்க்கைக் கூப்பிட்டு, வர முடியவில்லை சார் என்றாள்.

"ஏம்மா? எத்தனை தடவ எழுதிப் போட்ட இதுக்கு?"

"சொந்தக் காரணம் சார்."

"சரி. அடுத்த பேருக்குப் போயிரும். அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

அம்மாவிடம் வேறு மாதிரி சொன்னாள். அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று. அம்மா, "சரி விடு, சாப்புட்டியா?" என்று கேட்டாள்.

ஆர்டர் செப்டம்பர் ஆறாம் தேதி வந்தது. பணம் பன்னிரண்டாம் தேதி வந்தது. அன்றைக்கே ரஞ்சித்துக்கு அனுப்பினாள். அவன் பதிமூன்றாம் தேதி ரசீதைப் படம் பிடித்து அனுப்பி, கீழே கும்பிடுகிற கை பொம்மை மூன்று போட்டிருந்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வயல்களும் சாலையும் ஒரே தண்ணீராகக் கிடந்த ஒரு மத்தியானம் புது எண் ஒன்றிலிருந்து அழைப்பு. சின்னப் பெண்ணின் குரல்.

"அக்கா, என் பேரு சுவேதா. திருவாரூர் பக்கம் குடவாசல். ஜவ்வாது மலையில போஸ்டிங் போட்டிருக்காங்க. இங்க முன்னாடி நீங்கதான் இருந்தீங்களாமே. பழைய ரிஜிஸ்டர்ல நம்பர் இருந்துச்சு." அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். "எந்தப் பக்கம் பாத்தாலும் மலையாவே இருக்குக்கா. மூச்சு முட்டுது. ராத்திரில என்னென்னமோ கத்துது. நான் போயிரட்டுமா?"

பூமிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அரை மணி நேரம் பேசினாள். எந்த ஊற்றில் தண்ணீர் நன்றாக இருக்கும், எந்தப் பாதை மழையில் வழுக்கும், எந்த வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் நல்லவள் என்றெல்லாம் சொன்னாள். தன் அம்மாவின் வீட்டையும் அடையாளம் சொன்னாள். "ஒரு தடவை பிரஷர் மட்டும் பாத்துச் சொல்லும்மா."

சுவேதா மறுநாளே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நூற்றெழுபதுக்கு நூறு. மாத்திரையை மாற்ற டாக்டரிடம் எழுதி வாங்கினாள். அதன்பிறகு வாராவாரம் போனாள். அம்மா அவளுக்குச் சாமைச் சோறு போட்டாள், தேன் கொடுத்தாள். பூமிகா தினமும் அந்தப் பெண்ணிடமிருந்து வரும் நாலு வரிக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டு அடுப்படியில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அம்மா அவளோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கையில் நிம்மதியாக இருக்கும். கூடவே, அந்த ஒருத்தி தான் இல்லையே என்றும் இருக்கும்.

கார்த்திகை முதல் வாரத்தில் அம்மா அவளாகவே கூப்பிட்டாள். அம்மா கூப்பிடுகிற வழக்கமே கிடையாது.

"அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு. பட்டியல்ல முதல்ல இருந்தவங்க வேணாம்னுட்டாங்க, அதனாலதான் எனக்குக் கெடைச்சதுன்னு. முதல்ல இருந்தது உன் பேருதான்னு ஆபீஸ்ல சொன்னாங்களாம்."

பூமிகா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீதான் வேணாம்னியா?"

ஆமாம், ரஞ்சித்துக்காக என்று வாய்வரை வந்துவிட்டது. அம்மாவுக்கு ரகசியம் வைத்துக்கொள்ளத் தெரியாது. இன்று சொன்னால் நாளைக்கு ரஞ்சித்துக்குத் தெரியும். படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. அவன் சுபாவம் அவளுக்குத் தெரியும். அந்த ஆறு மாதத்தையும் அவன் தலைகுனிந்தே கழிப்பான்.

"ஆமாம்மா," என்றாள்.

"ஏன்?"

"இங்க பழகிடுச்சு."

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. "உனக்கு அந்த ஊரு புடிச்சிருந்தா சரி," என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது பூமிகாவுக்கு. அன்று அவள் சமைக்கவில்லை.

தை பிறந்து பத்து நாள் கழித்து ரஞ்சித் கத்திக்கொண்டே கூப்பிட்டான். கல்லூரி திருத்திக் கொடுத்து, ஃபாஜில் ரிட்டர்ன் போட்டு, பிடித்த பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது.

"வட்டியோட வந்திருக்குக்கா! ஒரு ரூபாகூடக் கொறையல. உனக்கு என்ன வேணும் சொல்லு."

"மொதல்ல அந்த ஃபாஜில் சாருக்கு அனுப்பு. அப்புறம் ஒரு தடவ இங்க வந்துட்டுப் போ."

மாசி முதல் வாரம் வந்தான். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் அறுப்பு இயந்திரங்களின் சத்தம். அக்காவின் பின்னால் ஸ்கூட்டியில் உட்கார்ந்து வீடு வீடாகச் சுற்றினான். தர்மாம்பாள் அவனுக்கு வாழையிலை போட்டுக் கோழிக்குழம்பு ஊற்றினாள். "அக்காளும் தம்பியும் ஒரே அச்சு," என்றாள். அவன் வந்திருந்த இரண்டு நாளும் பூமிகா நிறையப் பேசினாள். இத்தனை பேச்சு தன்னிடம் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிளம்புகிற அன்று மினிபஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். அறுத்த வயல்கள் கட்டை கட்டையாக வெகுதூரம் கிடந்தன.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? மலைக்கு வர்ற சான்ஸ நீதான் விட்டுட்டன்னு அம்மா சொன்னாங்க. நிஜமாவா?"

"ம்."

"அம்மா ரொம்பச் சங்கடப்பட்டாங்க. வெளிய காட்டிக்கல."

"தெரியும்."

"இந்த ஊர் உனக்கு அவ்வளவு புடிச்சிருக்கா?"

பூமிகா அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். பணம் வந்துவிட்டது. சொல்வதால் இப்போது எதுவும் கெட்டுப்போகப் போவதில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் ஏப்ரலில் அவனுக்குக் கடைசிப் பரீட்சை. அவன் வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலையும்படி ஒன்றை, பஸ் வருகிற நேரத்தில் எப்படிக் கையில் கொடுப்பது?

"நல்ல ஜனங்கடா," என்றாள். "நீயே பாத்தல்ல."

"ஆமாக்கா. நானும் அதான் நெனச்சேன்," என்றான் ரஞ்சித், மனசு லேசானவனாக.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கையாட்டினான். வண்டி வளைவு தாண்டி, வயல்களுக்கு நடுவில் சின்னதாகிக்கொண்டே வெகுநேரம் கண்ணுக்குத் தெரிந்தது. அது முழுசாக மறைகிறவரை நின்றிருந்தாள். பிறகு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். கீழத்தெருவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை அன்று எடை பார்க்க வேண்டியிருந்தது.